ஐந்தில் ஒரு படம்

புரட்டாசி மாதம், செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று இருபது. போத்தனூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த என் அண்ணன், கணபதியில் எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிய நேரம் அது. நான் நாற்பது வருடத்துக்கு மேலாக நாட்குறிப்பு எழுதுகிறவன். யார் வந்தாலும் கண் தானாகச் சுவர்க் கடிகாரத்துக்குப் போய்விடும். அண்ணன் கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை. அதற்குள் மருத்துவமனையின் பெரிய உறை. உறைக்குள் ஒரு பக்க அறிக்கை, ஒரு சிடி.

"மாப்பிள்ளைக்கு அனுப்போணும் தம்பி" என்றார். இன்னும் உட்காரக்கூட இல்லை.

ஆடி மாதத்திலிருந்தே அவருக்கு இருமல். மருந்துக்கடையில் வாங்கிக் குடித்தது எதற்கும் கேட்கவில்லை. நெஞ்சு மருத்துவரிடம் போனார்கள். அவர் ஸ்கேன் எடுக்கச் சொல்லி, பார்த்துவிட்டு, வலது நுரையீரலின் மேல்பக்கம் சின்னதாக ஒரு கட்டி இருக்கிறது, எனக்குச் சந்தேகமாக இருக்கிறது, ஊசி போட்டுத் துளி சதை எடுத்துச் சோதிக்க வேண்டும், இந்த வாரமே வாருங்கள் என்றிருக்கிறார்.

அண்ணனுக்கு ஊசி என்றதும் பயம். "முதுகுப் பக்கமா குத்துவாங்களாமா. குத்துறப்ப நுரையீரல்ல இருக்கற காத்து எறங்கிப் போனாலும் போகுமுன்னு அவரே சொல்றாரு. கையெழுத்து வேற கேக்கறாங்க. ரயில்வேல இருந்தப்பகூட நான் படிச்சுப் பாக்காம கையெழுத்துப் போட்டதில்ல. மாப்பிள்ளை பாத்துச் சொல்லட்டும்."

மாப்பிள்ளை என்றது அண்ணன் மகளின் கணவரை. இங்கிலாந்தில் மருத்துவர். எங்கள் உறவு வட்டாரத்தில் எழுதப்படாத ஒரு முறை வந்து சேர்ந்திருந்தது. யாருக்கு உடம்புக்கு என்ன வந்தாலும் இங்கே இருக்கும் மருத்துவர் சொல்வது பாதிதான். அறிக்கை இங்கிலாந்துக்குப் போய், அவர் பார்த்து, சரி என்று சொன்னால்தான் மீதிப் பாதி. மூட்டு மாற்றுவதோ, பித்தப்பையை எடுப்பதோ, கண்ணில் புரை நீக்குவதோ, எதுவானாலும் "மாப்பிள்ளை பாத்துட்டாருங்களா?" என்ற கேள்விதான் முதலில் வரும். மதுக்கரையில் இருக்கும் தூரத்துச் சொந்தங்கள்கூடத் தங்கள் சர்க்கரைச் சீட்டை அவருக்கு அனுப்பிவிட்டுத்தான் மாத்திரை போட்டார்கள். பாவம், அவரும் சலித்துக்கொள்ளாமல் எல்லாருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அனுப்பும் வேலை என்னுடையது. ஓய்வு பெற்ற பிறகு கம்ப்யூட்டரைக் கொஞ்சம் முறையாகக் கற்றுக்கொண்டேன். ஃபைல்களின் சைஸைக் குறைத்துக் கொடுப்பதில் எனக்கு ஒரு பெயர் உண்டாகியிருந்தது. அரசு இணையதளங்களில் புகைப்படம் ஐம்பது கேபிக்குள் இருக்க வேண்டும் என்பான். ரேஷன் கார்டு நகல் இருநூறு கேபிக்குள் என்பான். வீதியில் யாருக்கு இந்தச் சிக்கல் வந்தாலும் பென்டிரைவோடு என்னிடம் வருவார்கள். பத்திரம், ஜாதகம், கல்யாண ஆல்பம், எல்லாவற்றையும் சுருக்கிக் கொடுத்திருக்கிறேன். என் மனைவி வருகிறவர்களிடம், "ஏனுங்க, லாரிய ஓட்டிட்டு வந்தாலும் இவரு மடிச்சு சட்டப் பாக்கெட்டுல வெச்சுக் குடுத்துருவாருங்க" என்று சொல்லிச் சிரிப்பாள். எனக்கு அது பிடித்திருந்தது என்பதை மறைப்பானேன்.

சிடியைப் போட்டேன். நானூற்றுச் சொச்சம் படங்கள். ஸ்கேன் என்பது ஒரு படம் அல்ல. நெஞ்சை முள்ளங்கி அரிவது மாதிரி கழுத்திலிருந்து வயிறு வரை மெல்லிய வில்லைகளாக அரிந்து, ஒவ்வொரு வில்லையையும் தனிப் படமாக வைத்திருப்பார்கள். எல்லாம் சேர்த்தால் சிடியில் பெரும்பகுதி நிறைந்திருந்தது. அண்ணன் என் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து திரையைப் பார்த்தார்.

"இதென்றா, பலாக்காய வெட்டி வெச்ச மாதிரி இருக்குது. இதா என்ற நெஞ்சு?"

"ஆமாங்கண்ணா."

"இத்தனை எடம் அடைக்குதா? உள்ள அப்புடி ஒண்ணும் பெருசா வெச்சிருக்கலையே நானு" என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. என் மனைவி வெந்நீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். அங்கே காலை. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "சின்ன மாமா, சிடில இருக்கறத அப்படியே முழுசா அனுப்புங்க. போட்டோ எடுத்து அனுப்பாதீங்க. எங்க ஆஸ்பத்திரியில நுரையீரல் பாக்கறவர் ஒருத்தர் இருக்காரு, அவர்கிட்டயும் காட்டறேன்" என்றார்.

ஒரு ஃபைலைச் சிறிதாக்க இரண்டு வழிகள் உண்டு. என் நாட்குறிப்பை வைத்தே சொல்கிறேன். ஒரு கோடையில் தொடர்ந்து பல நாட்கள் மழை இல்லை. தினமும் "மழை இல்லை" என்று எழுதுவதற்குப் பதில், இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை மழை இல்லை என்று ஒரே வரியில் எழுதினேன். இடம் மிச்சம். எந்த நாளைக் கேட்டாலும் அதிலிருந்து திருப்பிச் சொல்லிவிடலாம். ஒன்றும் தொலையவில்லை. இது ஒரு வழி. இன்னொன்று, அந்த வருடத்தையே "கோடை கடுமை, மழை சுமார்" என்று எழுதி மூடிவிடுவது. இன்னும் சிறியதாகிவிடும். ஆனால் எந்த நாள் தூறியது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. ஜிப் என்று சொல்கிறோமே, அது முதல் வகை. நாம் அனுப்பிக்கொள்ளும் புகைப்படங்கள் இரண்டாம் வகை. மனிதக் கண் எதைக் கவனிக்காது என்று கணக்குப் போட்டு அதைக் கழித்துவிடும். பரந்த வானத்தையும் சுவரையும் தொடாது. பொடிப்பொடியாக மாறும் இடங்களில்தான், மயிரிழை, புல் நுனி, துணியின் நெசவு, இப்படிப்பட்ட இடங்களில்தான் கைவைக்கும்.

இந்த வித்தியாசம் எனக்குத் தெரியாமல் நடந்திருந்தால் இதை எழுத வேண்டியிருந்திருக்காது. தெரியும். வீதியில் பத்துப் பேருக்காவது விளக்கியிருப்பேன்.

முதலில் ஜிப் செய்து பார்த்தேன். கொஞ்சம்தான் குறைந்தது. மின்னஞ்சல் ஏற்கவில்லை. இணையத்தில் நமக்கென்று தரும் சேமிப்பிடத்தில் ஏற்றி, அதன் இணைப்பை அனுப்புவதுதான் வழி. ஏற்றப் போனால், இடம் நிறைந்துவிட்டது என்று சிவப்பில் காட்டியது. நிறைத்தவன் நான். மாதம் ஒரு தடவை ஒரே இடத்தில் நின்று எடுத்த நாற்சந்திப் படங்கள், குளத்தின் நீர்மட்டம், இடிக்கப்பட்ட கட்டடங்கள், சுவரொட்டிகள், நாளிதழில் வெட்டி ஸ்கேன் செய்த உள்ளூர்ச் செய்திகள். எல்லாம் தேதிவாரியாக, முழு அளவில், ஒரு புள்ளி குறைக்காமல் வைத்திருந்தேன். ஊர் மாறுவதை யாராவது ஒருவன் பதிவு செய்துவைக்க வேண்டும் என்ற எண்ணம். அவற்றில் ஒரு வருடத்தை அழித்திருந்தால் அண்ணனின் நெஞ்சுக்கு இடம் கிடைத்திருக்கும். அழிக்க மனம் வரவில்லை. வேறு இடத்துக்கு மாற்றி வைத்துவிட்டு அழிக்கலாம் என்றால் அரைநாள் ஆகும். அண்ணனோ நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"ஆச்சா தம்பி?"

"ஆச்சுங்கண்ணா. சித்தெ இருங்க."

ஐந்து வில்லைக்கு ஒன்று என்று எடுத்தேன். ஒன்று, ஆறு, பதினொன்று, பதினாறு. பக்கத்துப் பக்கத்துப் படங்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதானே இருக்கின்றன என்று தோன்றியது. எடுத்தவற்றைச் சாதாரணப் புகைப்படங்களாக மாற்றி, நீள அகலத்தைப் பாதியாக்கி, தரத்தையும் குறைத்து, ஒரே பிடிஎஃப்பாகக் கோத்தேன். கூடச் சேர்த்த அறிக்கையில் கட்டியின் அளவும் "மேற்கொண்டு சோதிக்கவும்" என்பதும் மட்டும்தான் இருந்தன. கட்டி இருக்கும் படத்தை மட்டும் பழையதையும் புதியதையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வித்தியாசம் தெரியவில்லை. பம்ப்செட் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். தலைமுடி கனத்தில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் ஷாஃப்டைத் திருப்பி அனுப்பியவன். அன்று பெரிதாக்கிப் பார்க்கக்கூட இல்லை.

பன்னிரண்டு ஐம்பதுக்கு வாட்ஸ்அப்பில் போய்ச் சேர்ந்தது. "அவ்வளவுதானா? மோட்டார் போடற நேரங்கூட ஆகலையே" என்றார் அண்ணன். சாப்பிட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் புதன்கிழமை பொழுது சாயும் நேரம் மாப்பிள்ளை கூப்பிட்டார். அண்ணனும் நங்கையும் அந்த நேரம் எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். நங்கை என்பது அண்ணன் மனைவி. எங்கள் பக்கம் அண்ணியை அப்படித்தான் சொல்வது. போனை ஸ்பீக்கரில் போட்டு மேசை மேல் வைத்தேன்.

"சின்ன மாமா, ஒரு விஷயம். இது ஒரிஜினல் படந்தானுங்களா? ஏதாச்சும் குறைச்சீங்களா?"

அண்ணனும் நங்கையும் என் மனைவியும் என்னைப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் என் மனதில் என்ன ஓடியது என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பயம் இல்லை. ஏமாற்றும் எண்ணமும் இல்லை. என் வேலையில் குறை கேட்கிறாரே என்ற ரோஷம். அவ்வளவுதான்.

"ஒண்ணும் போகலைங்க மாப்ள. எல்லாம் அப்படியேதான் இருக்குது. சைஸ் மட்டுந்தான் கம்மி."

"அப்பச் சரிங்க. கட்டியோட ஓரமெல்லாம் வழவழன்னு இருக்குது. எப்பவோ காசநோய் வந்து ஆறுன தழும்பு மாதிரி தெரியுது. எங்க டாக்டரும் அப்படித்தான் சொல்றாரு. ரயில்வேல தூசில நின்னவருதானே. இப்பவே ஊசி வேண்டாம். மூணு மாசம் கழிச்சு மறுக்கா ஒரு ஸ்கேன் எடுத்து, அப்படியே இருந்தா விட்டுரலாமுங்க."

நங்கை சேலை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்ற சாமி, நல்லா இருக்கோணும் மாப்ள நீங்க." அண்ணன் என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். அன்றைய நாட்குறிப்பில், "மாப்பிள்ளை பார்த்தார். பயமில்லை" என்று எழுதியிருக்கிறேன்.

ஐப்பசி போனது. அண்ணன் பழையபடி சந்தைக்குப் போனார், பொங்கலூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனார். அங்கே உள்ளூர் மருத்துவரைக் கிண்டல் செய்து, "என்னைய குத்திப்பாக்க ஆசப்பட்டாருங்க. மாப்பிள்ளை தடுத்துப்போட்டாரு" என்று ஒரம்பரை சொந்தங்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். இருமல் நிற்கவில்லை. சட்டைக் காலர் கழுத்தில் தளர்ந்திருந்ததை நான் பார்த்தேன். மூன்று மாதக் கெடு இருக்கிறதே என்று எல்லாரும் அதற்காகக் காத்திருந்தோம்.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. புதிதாக வாங்கிய வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு என் படங்களை மாற்றிக்கொண்டிருந்தேன். பழைய ஃபைல்களை ஒழுங்கு செய்யும்போது அண்ணனின் ஃபோல்டர் வந்தது. நகலையும் மூலத்தையும் ஒப்பிடாமல் எதையும் அடுக்கில் வைப்பதில்லை என்பது என் தொழிற்பழக்கம். அண்ணன் விஷயத்தில் மட்டும் அது ஏழு வாரம் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது. கட்டி இருக்கும் படத்தை இரண்டிலும் திறந்து, இந்தத் தடவை பெரிதாக்கினேன்.

நான் அனுப்பியதில் அது கரைந்து தேய்ந்த சோப்புத் துண்டு மாதிரி இருந்தது. மூலத்தில் அதன் ஓரத்திலிருந்து மெல்லிய கோடுகள் நாலாபக்கமும் நீட்டிக்கொண்டிருந்தன, நெருஞ்சிக் காயைப் போல. அடுத்த படத்தைப் பார்த்தேன். அதில் இன்னும் தெளிவாக இருந்தது. அதற்கடுத்ததில் ஒரு கோடு நுரையீரலின் உறைவரை போயிருந்தது. அந்த இரண்டு படங்களும் நான் அனுப்பாத ஐந்தில் நான்கைச் சேர்ந்தவை.

நான் மருத்துவன் அல்ல. ஆனால் படிக்கிறவன். அன்று மத்தியானம் வரை அதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். வழவழப்பான ஓரம் என்றால் பெரும்பாலும் பயமில்லை. முள் இருந்தால் உடனே சதை எடுக்க வேண்டும். பாடப் புத்தகத்தின் முதல் பாடம் மாதிரி எல்லா இடத்திலும் ஒன்றையே எழுதியிருந்தார்கள்.

உடனே போனை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. கெடுவில் பாதிக்கு மேல் போய்விட்டதே, மிச்சம் சில வாரம்தானே, அடுத்த ஸ்கேனில் தானாகத் தெரிந்துவிடும் என்று ஒரு பக்கம். ஒன்றும் போகவில்லை என்று ஸ்பீக்கரில் சொன்ன வாய் இன்னொரு பக்கம். ஒன்பது நாள் அப்படியே இருந்தேன். அந்த ஒன்பது நாளும் என் நாட்குறிப்பில் தூறல் இருக்கிறது, பால்காரர் வராதது இருக்கிறது, மின்தடை நேரம் நிமிடக் கணக்கில் இருக்கிறது. இது இல்லை.

பத்தாம் நாள், செவ்வாய்க்கிழமை, இடம் ஒழித்து மொத்தப் படங்களையும் ஏற்றி, மாப்பிள்ளைக்கு இணைப்பை அனுப்பினேன். கூடவே, "முழுசா வேணும்னு கேட்டீங்களே, இப்பத்தான் எடம் கெடச்சுதுங்க" என்று ஒரு வரி. ஒரு மணி நேரத்துக்குள் கூப்பிட்டார். குரல் வேறு மாதிரி இருந்தது.

"சின்ன மாமா, அன்னைக்கு அனுப்புனது இதே ஸ்கேன்தானுங்களா?"

"அதே ஸ்கேன்தானுங்க."

"அன்னைக்கு நான் பாத்தப்ப இப்புடித் தெரியலையே..." மௌஸைச் சொடுக்கும் சத்தம் கேட்டது. "என்ற கண்ணுக்கு என்ன ஆச்சு? நான் அன்னைக்கு டியூட்டி முடிச்சு ராத்திரி வந்துதான் பாத்தேன். சரிங்க. நாளைக்கே ஊசி போடச் சொல்லுங்க. தள்ளிப்போட வேண்டாம்."

அப்போது சொல்லியிருக்கலாம். அவர் தன் கண்ணைக் குறை சொல்லிக்கொண்டபோது நான் "ம்" கொட்டினேன்.

ஊசி போட்டார்கள். பயந்தபடி நுரையீரலிலிருந்து காற்று இறங்கிப்போகவில்லை. முடிவு வெள்ளிக்கிழமை வந்தது: புற்று. அடுத்த ஸ்கேனில் முதுகெலும்பில் இரண்டு இடம். புரட்டாசியிலேயே பார்த்திருந்தால் நெஞ்சோடு நின்றிருக்குமா என்று உள்ளூர் மருத்துவரைத் தனியாகப் பார்த்துக் கேட்டேன். அண்ணன் கிண்டல் செய்த அதே மருத்துவர். "சொல்ல முடியாதுங்க. இருந்திருக்கலாம். ஏற்கெனவே பரவியிருந்திருக்கவும் கூடும். அப்போ உடம்பு முழுசுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வீட்டில் பழி வேறு இடத்தில் போய் உட்கார்ந்தது. நங்கை மாப்பிள்ளையின் போனை எடுப்பதை நிறுத்தினார். மகள் கூப்பிட்டால், "உன்ற ஊட்டுக்காரர் பேச்சக் கேட்டு உக்காந்திருந்தோம். டாக்டருக்குப் படிச்சு என்ன பிரயோசனம்?" என்பார். உறவுக்காரர்களும் மெல்ல மெல்ல மாற்றிப் பேசினார்கள். தங்கள் சர்க்கரைச் சீட்டை அவருக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர்களே, "தொலவுல இருந்துக்கிட்டு என்னத்தப் பாக்க முடியும்?" என்றார்கள். மகள் ஒரு நாள் என்னிடம் போனில் அழுதாள். "சித்தப்பா, அவரு சரியாவே தூங்கறதில்ல. ஆஸ்பத்திரியில ஒரு படத்த மூணு தடவ பாக்கறாராம். கூட இருக்கறவங்க கேக்கறாங்களாம், உனக்கு என்ன ஆச்சுன்னு." நான், "எல்லாம் சரியாப் போயிரும் கண்ணு" என்றேன்.

தை மாதம் அண்ணன் மருத்துவமனையில் கிடந்தார். முதுகுவலிக்குக் கொடுத்த மருந்தில் பாதி நேரம் தூக்கம். ஒரு சனிக்கிழமை மத்தியானம் நானும் அவரும் மட்டும் இருந்தோம். நங்கை துணி எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்தார்.

"தம்பி, உன்ற நங்கை மாப்பிள்ளைய ரொம்பப் பேசறாளா?"

"கொஞ்சம் பேசறாங்கண்ணா."

"வேண்டாமுன்னு சொல்லு. மனுசன் கண்ணு. ஒரு தடவ தப்பிப்போச்சு. அவரு என்ன வேணுமுன்னா செஞ்சாரு? நாம வேற ஊரு ஊரா அவரத் தூக்கி வெச்சு ஆடுனோம்." மூச்சு வாங்கியது. "நீயாச்சும் அவருகிட்ட நல்லபடியா பேசு. நீதான் படிச்சவன்."

"சரிங்கண்ணா" என்றேன். தண்ணீர் கேட்டார். ஸ்பூனில் கொடுத்தேன். பிறகு தூங்கிவிட்டார். சொல்வதற்கு எனக்கு அன்று மத்தியானம் ஒன்றேமுக்கால் மணி நேரம் இருந்தது. தூங்கி எழுந்தும் இரண்டு தடவை என் முகத்தைப் பார்த்தார். நான் ஜன்னல் திரையைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

மாசியில், வியாழக்கிழமை காலை, அண்ணன் இறந்துபோனார். கடைசிவரை அவருக்குத் தெரியாது.

மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். நங்கை மகளைக் கட்டிக்கொண்டு அழுதார். மாப்பிள்ளை பக்கம் திரும்பவில்லை. அவர் தன் மாமனாருக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார், நாற்காலி எடுத்துப்போடுவது உட்பட. பந்தியில் கடைசியில் உட்கார்ந்தார். மூன்றாம் நாள், சாம்பல் கரைத்துவிட்டு வந்த பிறகு, மொட்டைமாடியில் ஈர வேட்டிகள் காய்ந்துகொண்டிருந்த இடத்தில் அவர் தனியாக நிற்பதைப் பார்த்து மேலே போனேன். சொன்னேன். ஐந்தில் ஒன்று எடுத்தது, பாதியாக்கியது, தரத்தைக் குறைத்தது, ஒன்றும் போகவில்லை என்று சொன்னது, கார்த்திகையில் பார்த்தது, ஒன்பது நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது. வரிசையாகச் சொன்னேன். வரிசையாகச் சொல்வதொன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அவர் சத்தம் போடவில்லை. கொடியில் நழுவிய ஒரு வேட்டியை இழுத்து நேராக்கினார்.

"நான் கேட்டனே சின்ன மாமா. குறைச்சீங்களான்னு வாய்விட்டுக் கேட்டனே."

"கேட்டீங்க."

"ஆமான்னு சொல்லியிருந்தா மறுபடி அனுப்பச் சொல்லியிருப்பேன். ஒரு வார்த்தைங்க." பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்த ஃபைலைப் பார்த்துச் சொன்னது நாந்தானே. சந்தேகம் வந்தும் உங்க வார்த்தைய நம்பி விட்டேன். என்ற பேர்லயும் இருக்குதுங்க" என்றார். படிக்கட்டுப் பக்கம் நகர்ந்தவர் திரும்பி, "அத்தைகிட்ட சொல்லாதீங்க. நான் இன்னும் கொஞ்ச நாள்ல ஊருக்குப் போயிருவேன். நீங்க இங்கயே இருக்கோணும். அவங்களுக்கு இருக்கறது நீங்க ஒருத்தர்தான்" என்றார்.

அந்தப் பேச்சு எனக்கு வசதியாக இருந்தது. பதிமூன்று நாள் அதைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அவரே வேண்டாம் என்கிறார், பாதிக்கப்பட்டவரே சொல்கிறார் என்று மனைவியிடம் சொன்னபோது அவள் பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டு, "ஏனுங்க, அவரு பெருந்தன்மைய எடுத்து நீங்க போத்திக்கிறீங்களா?" என்று கேட்டாள். அவளுக்கும் அன்றுதான் முழுவதும் தெரியும்.

பதினாறாம் நாள் கருமாதி. அண்ணன் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. காரியம் முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளைக்கு அன்று இரவு விமானம். அவர் இலையில் யாரும் சரியாகக் கவனித்துப் பரிமாறவில்லை. சோற்றைக் கையால் அளைந்துகொண்டிருந்தார். உறவுப் பெண் ஒருத்தி அவர் காதுபடவே, "கையில வெண்ணெய வெச்சுக்கிட்டு இருக்கறோம்னு நெனச்சோம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவர் நிமிரவில்லை.

நான் உள்ளே போனேன். நங்கை நடு அறையில் பாயில், மகளும் இரண்டு மூன்று பெண்களும் சூழ உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண்களை வெளியே போகச் சொல்லலாமா என்று நினைத்தேன். ஸ்பீக்கரில் சொன்ன பொய். நாலு பேர் கேட்கத்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. தரையில் உட்கார்ந்து சொன்னேன். ஃபைல், பிடிஎஃப் என்பதெல்லாம் அவருக்குப் புரியாது என்பதால், "நாலு படத்த எடுத்து வெச்சுக்கிட்டு ஒரு படத்த அனுப்புனேனுங்க. அதையும் மங்கலாக்கி அனுப்புனேன். மாப்பிள்ளைக்கு நான் காட்டுனதுல கட்டி பயமில்லாத மாதிரித்தான் தெரிஞ்சுது. அவரு கேட்டாரு. நான் இல்லைன்னு பொய் சொன்னேன்" என்றேன்.

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். நங்கை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்குங்க தம்பி அப்படி அனுப்புனீங்க?"

"எடம் இல்லீங்க. என்ற போட்டோவெல்லாம் போட்டு நெறச்சு வெச்சிருந்தேன். அத அழிக்கோணுமேன்னு..."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. சொல்லலைங்க."

"மாப்பிள்ளைக்கு?"

"மூணாம் நாளே சொல்லிப்போட்டேன். உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னு அவருதான் சொன்னாருங்க. நான் இங்க இருக்கோணுமாமா உங்களுக்கு."

நங்கை கையை ஊன்றி எழுந்தார். ஒரு பெண் பிடிக்க வந்தாள், கையை உதறினார். துக்க வீட்டுக்காரி பதினாறாம் நாள் பந்திக்கு முன்னால் வருவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. அவர் நேராகப் பந்தலுக்குப் போனார். பரிமாறிக்கொண்டிருந்தவர் கையிலிருந்த ரசத் தூக்கை வாங்கினார். மாப்பிள்ளையின் இலைக்கு முன்னால் குனிந்தார். பந்தியே சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

"என்ன மாப்ள, சோத்த இப்புடி அளஞ்சுக்கிட்டு இருக்கறீங்க? குழி பண்ணுங்க, ஊத்தறேன்."

அவர் குழி பண்ணினார். நங்கை ஊற்றிவிட்டு அங்கேயே நின்றார். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை நகரவில்லை.

நான் இன்னும் சாப்பிடாமல் பந்தல் கால் ஓரமாக நின்றிருந்தேன். பந்தி எழுந்து, அடுத்த பந்திக்கு இலை போடத் தொடங்கினார்கள். எங்கள் ஊரில் எதிரி வந்தாலும் சாப்பிட்டாச்சுங்களா என்று கேட்காமல் அனுப்புவதில்லை. நங்கை தூக்கோடு என்னைக் கடந்து உள்ளே போகும்போது நின்றார்.

"பஸ்சுக்கு நேரமாயிருமுங்க. நீங்க கெளம்புங்க" என்றார்.

செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினேன். மாப்பிள்ளை கை கழுவிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்து இரண்டு அடி வந்தார். உள்ளேயிருந்து நங்கை அவரைக் கூப்பிட்டார். அவர் திரும்பிப் போனார்.